மேல் பித்தான்

திருப்பத்தூரிலிருந்து ஆம்பூர் செல்லும் பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருந்தார். தோல் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையை மணிக்கட்டோடு இழந்தவர். வெளுத்த சட்டை, ஆனாலும் தேய்த்துப் போட்டது. தளர்ந்துபோன மேல் பித்தான் அவிழும்போதெல்லாம் இடது கையால் போட்டுக்கொண்டே வந்தார்.

ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான மறுபரிசோதனை முகாமுக்குப் போய்விட்டுத் திரும்புவதாகச் சொன்னார்.

“சட்டைய யாருப்பா போட்டுவுட்டதுன்னு ஆபீசர் கேட்டாரு சார். நானேதான்னு பெருமையா சொல்லிட்டேன். அப்ப வேலை செய்யலாமேன்னு பணத்த நிறுத்திட்டாரு.”

“கம்பெனியில கேட்டுப் பார்த்தீங்களா?”

“கேக்காமயா? ரெண்டு கை இருக்கறவனே வெளிய நிக்கிறான், உனுக்கு இன்னா வேலைன்னு வாட்ச்மேன் சிரிக்கிறான்.”

ஆம்பூர் வந்தது. அவர் எழுந்தபோது பித்தான் மறுபடியும் அவிழ்ந்தது. இடது கை அதை நோக்கிப் போய், நின்றது. சுற்றிலும் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போடாமலே இறங்கிப் போனார்.