எட்டுச் செலவு வீட்டில் கிற்றார்

இரண்டு வருசத்துக்கு முதல், எங்கள் அம்மா தவறிப்போன எட்டாம் நாள், உடுப்பிட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று இவ்வளவு நாளும் சொல்லவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் கிற்றார் கதையைச் சொல்லவேண்டும். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. சினிமாப் பாட்டும் கோயில் பாட்டும்தான் காதுக்குப் பழக்கம். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களில் வாட்டுக்கு வெளியே வாங்கிலில் குந்தியிருந்து போனில் பாட்டுக் கேட்பேன். ஒருநாள் நான் போட்ட பாட்டு முடிய, போன் தன்பாட்டில் வேறொன்றைத் தொடங்கியது. பாடுகிற ஆளே இல்லை, ஒரே ஒரு கிற்றார். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெடியன் வாசித்தது. எப்போது பாடத் தொடங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைசிவரை ஒருவரும் பாடவில்லை. ஆனாலும் திரும்பப் போட்டேன். அதன்பிறகு விசர் பிடித்ததுபோல அப்படியானவற்றைத் தேடித் தேடிக் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

அம்மா போய்விட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கள் பக்கத்துச் செத்த வீடுகளில் ரீவி, றேடியோ, பாட்டு எதுவும் இல்லை. பதிகம் மட்டும் போடலாம். என் போனிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கருக்குக் கொடுத்து, அம்மாவின் படத்தடியில் காலையிலிருந்தே மெல்லிய சத்தத்தில் பதிகம் ஓடும். படத்துக்கு முன்னால் கதிரையில் அப்பா.

அப்பாவை நினைத்துத்தான் எனக்குப் பயம். நீரிழிவு, சீனி வருத்தக்காரர். குளிசையைப் போடுவார், சாப்பாட்டைத் தொடமாட்டார். இரண்டு வாய் கஞ்சி, ஒரு விசுக்கோத்துத் துண்டு, அவ்வளவுதான். ஒருநாள் கிணற்றடியில் தலைசுற்றி விழப் பார்த்தார். வெறுவயிற்றில் குளிசை போட்டால் இவரையும் இழக்கவேண்டி வரும் என்று டொக்டர் என்னிடம் நேரேயே சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் அப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். மனதைத் திடப்படுத்துங்கோ, பிள்ளையை யோசியுங்கோ, அவ குடுத்து வைச்சவ, சுமங்கலியாய்ப் போயிட்டா. அப்பா எல்லாருக்கும் தலையாட்டுவார். சாப்பிடமாட்டார்.

எட்டுச் செலவு என்பது இறந்தவருக்கு விருப்பமான கறியெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். வீடு நிறையச் சொந்தக்காரர். அப்பாவின் தங்கை, என் மாமி, முறை ஒன்றும் தவறாமல் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தா. நான் குசினிக்குப் பின்னால் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து, அம்மாவின் கடைசி நேரம் எப்படி இருந்தது என்று கேட்டா. எத்தனையோ பேருக்குச் சொன்னதை அவவுக்கும் சொன்னேன். அவ போனதும் என்னால் ஏலாமல் போய்விட்டது. பதிகத்தை நிறுத்திவிட்டு, வயர் இல்லாத இயர்போன் இரண்டையும் காதில் செருகி, கிற்றாரைப் போட்டேன். தலைமயிர் மறைத்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு.

காதில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் இல்லை. முழுவதும் கூட்டினேன்.

போன் இன்னும் அந்த ஸ்பீக்கரோடுதான் தொடுத்தபடி இருந்திருக்கிறது. கிற்றார் முழங்கியது அம்மாவின் படத்தடியில்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். விறாந்தையில் இருந்த சனம் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறது. மாமி ஸ்பீக்கரைக் கையில் தூக்கி, எங்கே அமத்துவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறா. போனை எடுத்து நிறுத்தப் போனேன்.

"விடு பிள்ளை, ஓடட்டும்" என்றார் அப்பா.

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "அண்ணை, இது செத்த வீடு. சனம் என்ன கதைக்கும்?"

"சனம் எட்டு நாளாய்க் கதைச்சுக்கொண்டுதானே இருக்குது. உது ஒண்டுதான் கதைக்காமல் இருக்குது."

மாமி ஸ்பீக்கரை இருந்த இடத்திலேயே வைத்தா. நான் சத்தத்தை மட்டும் குறைத்தேன். முடிந்ததும் அப்பா திரும்பப் போடச் சொன்னார். படையல் முடிந்து சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே பிசைந்தார். பாதிச் சோறு போனபிறகுதான் தான் சாப்பிடுவதே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கோப்பையை ஒருதரம் பார்த்தார், பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டார். மாமி இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் கறி வைத்தா. அடுத்தநாள் வாசல் படலையில் நின்றுகொண்டு, "உங்கடை கச்சேரி முடிஞ்சுதோ, உள்ளுக்கை வரலாமோ?" என்று கேட்டதும் அவதான்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிற்றார் என்பது வழக்கமாகிவிட்டது. "உவர் ஆரைக் கேட்டுப் பழகியிருப்பார்?" என்று அப்பா கேட்பார். நான் தேடுவேன். இந்தப் பெடியன் ஒரு குழுவைக் கேட்டு வளர்ந்தவன், அந்தக் குழு அதற்கும் முந்தின ஒரு கிழவரைக் கேட்டு வளர்ந்தது என்று பின்னுக்குப் பின்னுக்குப் போய், பொரிகிற சத்தத்துக்குள்ளே கிற்றார் கேட்கிற பழைய இசைத்தட்டுகள்வரை வந்துவிட்டோம். புதுசும் பழசும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரேமாதிரிப் புதுசாகத்தான் இருந்தன.

அந்தியேட்டி முடிந்த கையோடு எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் எங்கள் நாட்டிலேயே கிற்றாரோடு தமிழில் பொப் பாட்டும் பைலாவும் பாடிய குழுக்கள் இருந்தன. அம்மாவும் சமைக்கும்போது அவற்றை முணுமுணுப்பா. ஒன்றைத் தேடிப் பிடித்து, சந்தோசப்படுவார் என்று போட்டேன். இரண்டு வரிகூடப் போகவில்லை, கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார்.

"உதிலை கொம்மா நிக்கிறா. இப்ப வேண்டாம்."

நான் அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்து சனம் கலைந்த பின்னேரம், அவராகவே கேட்டார். "அண்டைக்கு ஒண்டு போட்டனியெல்லே, அதைப் போடு." போட்டேன். துள்ளல் பாட்டு, அழுவதற்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாதது. அதைக் கேட்டுக்கொண்டு அப்பா வாய்விட்டு அழுதார். அம்மா போனபிறகு அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அழுகை வந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தேன், பாட்டு முடிய முதலிலிருந்து போட்டேன்.

இப்போது செத்த வீடுகளுக்குப் போனால் நான் ஆறுதல் சொல்வதில்லை. துக்கக்காரருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டுப் பேசாமல் இருந்துவிட்டு வருகிறேன். அப்படி இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்தக் கிற்றார்தான்.