சட்டையில் தெறித்த இருபது மைக்ரோ ஆம்பியர்

பொன்னுராஜ் அண்ணனுக்கும் கிருபாபாய்க்கும் கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் இருவரும் விழித்திருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு மாசம் தேறாது என்பார் அண்ணன். புகார் மாதிரி இருக்காது. ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

மம்சாபுரத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன் ஆனவர். குடித்தனம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் கிருபாபாய் பௌதிக லேப் அட்டெண்டர். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்துக்கு வருவாள். இவருக்கோ எப்போதும் இரண்டாம் ஷிப்ட். நாலு மணி முதல் பன்னிரண்டு வரை. அவர் திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் எழும்போது அவள் போயிருப்பாள். அவளுக்கு ஞாயிறு லீவு. மில்லில் இவருக்கு வாரலீவு புதன். அன்றைக்கும் பெரும்பாலும் மோட்டார் ரிப்பேர் என்று மில்லிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிடும்.

ஷிப்ட் போடுகிறவர் மேஸ்திரி மலைச்சாமி. முதல் ஷிப்ட் அவர் மச்சினனுக்கு, மச்சினனின் மச்சினனுக்கு என்று ஒரு வரிசையில் போகும். கேட்டால், "ஏலே, நீ கெட்டிக்காரன். சாயங்காலந்தான் மோட்டாரெல்லாம் சூடாகுது. நீ இல்லன்னா மில்லு என்னத்துக்கு ஆகும்?" என்பார். வெற்றிலை வாயோடு பேசுவதால் பாராட்டில் கொஞ்சம் பொன்னுராஜ் அண்ணனின் சட்டையில் தெறிக்கும். பேசி முடித்ததும் மிச்சத்தைத் தூணில் தொங்கும் மணல் வாளிக்குள் துப்புவார். தீப்பிடித்தால் அணைக்க வைத்த வாளி. சிவப்புப் பெயிண்ட் அடித்தது என்பதால் கறை யார் கண்ணிலும் படவில்லை.

எண்பத்தொன்பதில் மில்லுக்கு நூல் சுற்றும் புது வைண்டிங் மெஷின்கள் வந்தன. ஓடுகிற நூலில் தடிப்பு வந்தால் தானே கண்டுபிடித்து வெட்டிவிடும் எலெக்ட்ரானிக் பெட்டி அதில் உண்டு. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைத் தேர்வு வைத்து எடுக்கப் போகிறோம், அவருக்கு ஜெனரல் ஷிப்ட், காலை எட்டு முதல் மாலை ஐந்து என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பொன்னுராஜ் அண்ணன் அதில் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படித்தார்.

மோட்டார், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் எல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். புதுப் பெட்டிக்குள் இருப்பது டிரான்சிஸ்டர். அதை மட்டும் ரேடியோவுக்கு இன்னொரு பெயர் என்று நினைத்திருந்தார்.

கிருபாபாய் பள்ளியிலிருந்து பிளஸ் டூ பௌதிகப் புத்தகம் கொண்டுவந்தாள். அதில் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கும் தமிழ்ப் பெயர்: எமிட்டர் உமிழ்ப்பான், பேஸ் அடிவாய், கலெக்டர் ஏற்பான். எட்டு வருஷமாக லேபின் கடைசியில் நின்றுகொண்டு அந்தப் பாடத்தை ஐந்து வாத்தியார்கள் வாயால் கேட்டவள் அவள். நேரில் சொல்லித்தர நேரம் ஏது? சோற்றுப் பானை மூடியின் மேல் காகிதம் வைத்துவிட்டுப் போனாள்.

"அடிவாய் மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியர். பெருக்கம் 100. உமிழ்ப்பான் மின்னோட்டம் எவ்வளவு?"

இருபதை நூறால் பெருக்கினால் ஏற்பானுக்கு இரண்டு மில்லி ஆம்பியர். அதுவரை சரி. அதிலிருந்து அடிவாயின் இருபது மைக்ரோவை, அதாவது 0.02 மில்லியைக் கழித்து, 1.98 என்று எழுதி வைத்துவிட்டு மில்லுக்குக் கிளம்புவார். மறுநாள் அதே மூடியின் மேல் சிவப்பு மையில் தப்பு போட்டிருக்கும். கேள்வியில் எண்ணை மாற்றினாலும் அவர் கழிப்பதை மாற்றவில்லை. ஒன்பது நாளில் ஒன்பது தப்பு. கடைசியில் காகிதத்தின் பின்பக்கம் தன் நியாயத்தை எழுதினார்: "அடியில இருக்கவன் தன் பங்க எடுத்துக்கிட்டுத்தான மேல விடுவான்? எந்த ஆபீசுல மாத்தி நடக்கு?"

பத்தாம் நாள் பதில் வந்தது.

"நேத்து உங்க சட்டையத் துவைச்சேன். கறை போகல. மேஸ்திரி வாயில இருந்து வந்தது பூராவும் உமிழ்ப்பான். வாளிக்குள்ள விழுந்தது ஏற்பான். உங்க சட்டையில தெறிச்சது அடிவாய். இப்பச் சொல்லுங்க, வாளியில கெடக்கிறத விட வாயில இருந்து வந்தது கம்மியாவா இருக்கும்?"

அதைப் படித்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்து அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டார். முதல் நாள் கேள்விக்கு விடையை மட்டும் 2.02 என்று எழுதிவிட்டுத்தான் ஓடினார். மறுநாள், சரி என்று போட்டு, கீழே ஒரு வரி: "அந்தச் சட்டையப் போட்டுட்டுப் பரீட்சைக்குப் போயிறாதீக."

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை காலை, மானேஜர் அறையில் வாய்மொழியாக நடந்தது. மெஷின் கம்பெனியிலிருந்து வந்த கோயம்புத்தூர் இன்ஜினியர் கேள்வி கேட்டார். பக்கத்தில் மானேஜர். ஓரத்தில் கன்னம் புடைக்க மேஸ்திரி. கேள்வி பதிலை எழுதிக்கொள்ள டைம் ஆபீசிலிருந்து என்னை உட்காரவைத்திருந்தார்கள். பரீட்சைக்கு வந்த மூன்று பேருக்கும் ஒரே கணக்கு: பேஸ் கரண்ட் இருபது மைக்ரோ, பெருக்கம் நூறு, எமிட்டர் கரண்ட் என்ன?

முதலில் வந்தவர் மேஸ்திரியின் மச்சினன் சமுத்திரம். "ரெண்டு மில்லி சார்" என்றார். "தோராயமாச் சரிதானுங்க" என்றார் இன்ஜினியர். மேஸ்திரி மெதுவாக மென்றார். இரண்டாவது ஆள் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னதும் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

பொன்னுராஜ் அண்ணன், "ரெண்டு பாயிண்ட் ஜீரோ டூ" என்றார்.

"ரெண்டுன்னே சொல்லிப் போடலாமுங்களே. அந்தப் பாயிண்ட் ஜீரோ டூவை விட்டுட்டா என்னவாமுங்க?"

"விட முடியாது சார். அது என் சட்டையில இருக்கு."

இன்ஜினியர் நிமிர்ந்தார். "புரியலைங்க."

பொன்னுராஜ் அண்ணன் ஓரக்கண்ணால் மேஸ்திரியைப் பார்த்தார். விளக்கம் சொன்னால் மேஸ்திரி சும்மா விடமாட்டார். சொல்லாவிட்டால் வேலை சமுத்திரத்துக்கு.

"ஒருத்தர் வெத்தல போட்டுத் துப்புதாருன்னு வச்சுக்கிடுங்க சார்."

"யாரு?" என்றார் மானேஜர்.

"யாரோ ஒருத்தர் சார். மணல் வாளிக்குள்ள துப்புதாரு."

"எந்த வாளி?"

"ரெண்டாந் தூணுல தொங்குறது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகு நிறுத்துவதில் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது போல. "வாளிக்குப் போறது கலெக்டர். பக்கத்துல நிக்கவன் மேல தெறிக்கிறது பேஸ். ரெண்டையும் கூட்டினாத்தான் வாயில இருந்து வந்த எமிட்டர். தோராயமாச் சொன்னா வாளிக்கு ஒரு நட்டமும் இல்ல. பக்கத்துல நிக்கவந்தான் சார் கணக்குல இல்லாமப் போறான்."

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நல்லாச் சொன்னீங்க. இன்னொண்ணும் இருக்குதுங்க. அந்த இருபது மைக்ரோ இல்லாட்டி அந்த ரெண்டு மில்லியே வராதுங்க."

பொன்னுராஜ் அண்ணன் கேட்டார்: "அப்ப நான் தள்ளி நின்னா துப்பவே மாட்டாருங்களா சார்?"

"டிரான்சிஸ்டர்ல அப்படித்தானுங்க. மேஸ்திரியப் பத்தி எனக்குத் தெரியாதுங்க."

மேஸ்திரி என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மானேஜர் மெல்லத் திரும்பினார். நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மலைச்சாமி வாயில் இருந்தது அத்தனையையும் விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வாளியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் மணல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை முதல் பொன்னுராஜ் அண்ணனுக்கு ஜெனரல் ஷிப்ட் என்று மானேஜர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மேஸ்திரி வழிமறித்தார். "ஏலே பொன்னுராஜு, ஒனக்கு நான் என்னலே கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் இல்ல மேஸ்திரி. எம்புட்டோ குடுத்தீக. துவைச்சும் போகல."

திங்கட்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அவர் வீட்டில் இருந்தார். அவளும் இருந்தாள். அவர் காலண்டரைப் பார்த்தாராம். அவள் கூட்டின தரையையே இன்னொரு தடவை கூட்டினாள்.

"இனிமே தெனமும் இந்நேரம் இருப்பீகளா?" என்று கேட்டாளாம்.

"பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்."

அவள், "அப்ப இந்தத் தேங்காயத் துருவுங்க" என்று அருவாமணையை அவர் பக்கம் நகர்த்தினாளாம்.

மறுநாள் காலை டைம் ஆபீசில் வருகை அட்டை குத்த வந்தவரின் விரலில் துணி சுற்றியிருந்தது. மெஷினிலா அடிபட்டது என்று கேட்டேன். "இல்லப்பா, வீட்டுல" என்றார். அவ்வளவு பெருமையாக யாரும் காயத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை.