கூரை மாற்ற மேஸ்திரி வந்த நாள்

என் ஓரகத்தி வீட்டுக்கு மேலே தளம். என் வீட்டுக்கு மேலே சீமை ஓடு. இரண்டும் மாமனார் கட்டிய ஒரே வீடுதான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் வந்தது. ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைகிற யாரும் முதலில் அவள் பாதியைத்தான் பார்ப்பார்கள். கண்ணைக் குத்துகிற பச்சையில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாள். அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் சேர்ந்து போட்டுக்கொடுத்த தளம் அது. கான்கிரீட் போட்ட அன்றைக்குத் தட்டும் பழமுமாக வந்து இறங்கினார்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் என்று ஒருத்தனும் கிடையாது. தலைவலி என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க உள்ளேயே படுத்துக்கிடந்தேன்.

சரி, தளம்தானே, வைத்துக்கொள்ளட்டும் என்று அதைக்கூட விட்டுவிடுவேன். என் மகளை அவள் இழுத்துக்கொள்வதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மகள் அப்போது ஒன்பதாவது படித்தாள். ஓரகத்திக்குப் பிள்ளை இல்லை. "சித்தி, சித்தி" என்று இவள் எந்நேரமும் அந்தப் பக்கமே கிடந்தாள். பார்த்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"காரணம் இல்லாம அந்த வாசப்படிய மிதிச்சன்னு வையி, கால ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்."

தலையை ஆட்டினாள். அதிலிருந்து போகவும் இல்லை. ஆனால் மழை வந்தால் மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. அவள் உட்கார்ந்து படிக்கிற மூலையில்தான் கூரை ஒழுகியது. அண்டாவை வைத்துப் பார்த்தேன். வேறு இடத்தில் உட்காரச் சொல்லலாம் என்றால், இருப்பதே ஒரு கூடம், அதில் மூட்டையும் கட்டிலும் போக என்ன மிச்சம்? "புக்கு நனையுதும்மா" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவிடுவாள். புத்தகம் நனைகிறது என்கிற பிள்ளையை எந்தத் தாய் பிடித்து உட்கார வைப்பாள்?

காலையில் திரும்பி வருவாள். இரட்டை ஜடை பின்னி, ரிப்பன் கட்டி, தலையில் என் எண்ணெய் வாசனை போய் அவள் எண்ணெய் வாசனையோடு வருவாள். "இன்னாடி செஞ்சி போட்டா உங்க சித்தி?" என்று கேட்பேன். கேட்காமலும் இருக்க முடியாது. "முட்ட தோசம்மா" என்பாள். வயிறு பற்றி எரியும். நான் கலந்து கொடுத்த காப்பியைப் பாதி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். மேற்கே கல்வராயன் மலை கறுத்தால் போதும், அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கரும்பு நட்டவன்கூட மழைக்கு அப்படிச் சிரிக்கமாட்டான்.

அதனால்தான் மேஸ்திரியை வரச் சொன்னேன். கறவை மாட்டை விற்றாவது, கம்மலைக் கழற்றியாவது தளம் போட்டுவிடுவது என்று முடிவு. ஒரு சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. அப்புறம் எந்தக் காரணத்தைச் சொல்லி ஓடுகிறாள், பார்த்துவிடுகிறேன். வீட்டுக்காரர் கரும்பு லோடு ஓட்டிக்கொண்டு வெளியூரில் இருந்தார். போனில் சொன்னதற்கு, "ஓடு மட்டும் மாத்தினா போதாதா?" என்றார். "உங்களுக்கு இன்னா தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

மேஸ்திரி திருக்கோவிலூரிலிருந்து பைக்கில் வந்தார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு நீள அகலம் பார்த்தார். சுவரைக் கட்டைவிரலால் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"மண் செவுருக்கா இது. தளத்த தாங்காது. மூலைக்கு மூலை பில்லர் எழுப்பணும். ஓடு, மரம் எல்லாத்தையும் பிரிச்சி, சென்ட்ரிங் அடிச்சி, கம்பி, ஜல்லி, சிமெண்ட்டு, கூலின்னு பாத்தா அஞ்சு லட்சத்துக்குக் கம்மி இல்ல. பழைய ஓடு, மரம்லாம் நானே எடுத்துக்கினு அதுக்குக் கொஞ்சம் கழிச்சிக்கறேன்."

"பக்கத்துல இருக்குதே, அந்தத் தளம் இன்னா ஒயரம்?"

"பத்தடி இருக்கும்."

"என்னுது பதினொண்ணு போடுங்க."

மேஸ்திரி சிரித்தார். "ஓரகத்திங்க வூட்டு வேலன்னாலே எப்பவும் ஒரு அடி ஜாஸ்திதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எவ்வளவு மரம் தேறும் என்று பார்க்க ஏணி போட்டு மேலே ஏறினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கத்தினார்.

"அக்கா, இந்த மூலைல ஒரு ஓடு தூக்கிக்கினு இருக்குது. அதான் ஒழுவுது. பக்கத்துத் தளத்துல நின்னு யாரோ கைய வுட்டிருக்காங்க."

அடிப்பாவி! என் பிள்ளையை இழுத்துக்கொள்ள என் கூரையிலேயே கை வைத்தாளா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாயைத் திறக்கப்போன நேரத்தில், "இந்தாங்க, இத்த சொருவி வச்சிருக்காங்க" என்று மேஸ்திரி எதையோ கீழே போட்டார்.

நீலக் கலர் பிளாஸ்டிக் ஸ்கேல். பள்ளிக்கூடத்தில் தொலைந்துவிட்டது என்று மகள் சொன்ன ஸ்கேல். தொலைத்ததற்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு வேறு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். மேஸ்திரி அந்த ஓடு இருந்த இடத்தைச் சரி செய்துவிட்டு இறங்கி வந்தார். "எப்பக்கா வேலய ஆரம்பிக்கலாம்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மகள் வந்ததும் ஸ்கேலை அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னாடி இது?"

ஸ்கேலை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"காரணம் இல்லாம போவக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன."

இழுத்துப்போட்டு நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். கை எழவில்லை. அவளை அவ்வளவு பிடிக்குமாடி உனக்கு என்று கேட்க நினைத்தேன். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு எதற்கு இன்னும் எரிய வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மலைப்பக்கமிருந்து மழை வந்தது. நல்ல மழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. இதைத்தானே கேட்டேன்? மகள் அதே மூலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. இவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தாள்.

போயிட்டு வாடி என்று சொல்லலாம். இரண்டே வார்த்தை. செத்தாலும் என் வாயிலிருந்து அது வராது.

எழுந்து போய் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தேன். மேஸ்திரி சரி செய்துவிட்டுப் போன இடத்தைப் பார்த்துக் கீழேயிருந்து நெம்பினேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். முதல் சொட்டு நேராக அவள் புத்தகத்தின் மேலேயே விழுந்தது.

"இன்னாடி பாத்துக்கினு குந்தினுகீற? புக்கு நனையுது பாரு. ஓடு!"

பையை அணைத்துக்கொண்டு ஓடினாள். நான் அண்டாவை இழுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்தேன். அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வாடி கண்ணு, நனஞ்சிட்டியா?" என்றாள் அவள்.

கண்ணாம், கண்ணு.