சோஸ் பேக்டரிக்குச் சுத்திப் போட்ட கதை

மலேசியாவின் மம்பாவில் எந்த நாசி லெமாக் சோற்றுக் கடையில் போய் உட்கார்ந்தாலும் என் பெரியம்மா என்னை முறைத்துப் பார்க்கிறார். மேசை நடுவே நிற்கும் மிளகாய் சோஸ் போத்தலில் ஒட்டியிருப்பது அவருடைய படம்தான். அடையாள அட்டைக்கு எடுத்தது. சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தார்களாம். இந்த சோஸ் இப்படிப் பேர் எடுக்கும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் பவுடராவது பூசிக்கொண்டு வேறு படம் எடுத்திருப்பேன் என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார். பக்கத்து மேசைக்காரர் அந்தப் போத்தலைக் கவிழ்த்து அடியில் தட்டும்போதெல்லாம், அது எங்கள் பெரியம்மா என்று சொல்லிவிட எனக்கு வாய் துடிக்கும். பல தடவை சொல்லியும் இருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

ரந்தாவ் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பாதியை விற்று வரிசை வீடுகள் கட்டியிருந்தார்கள். அந்தத் தாமான் குடியிருப்பின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம் இருந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு சின்ன மேசையில் சோஸ் விற்றுக்கொண்டிருந்த பெரியம்மா அதை வாடகைக்கு எடுத்து, அடுப்பு போட்டு, பேக்டரி ஆக்கினார். தோட்டத்தில் புல் வெட்டியும் மருந்து அடித்தும் பிழைத்து, தோட்டம் கைமாறியதும் வேலை போன பெண்கள்தான் அங்கே வேலைக்கு வந்தார்கள். பெரியம்மாவின் தங்கையான என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

வாரத்தில் சில நாள் மிளகாய் வேகும். பூண்டும் வினிகரும் சேர்ந்து கொதிக்கும்போது எழும்பும் காரம் சாலையைத் தாண்டி எதிர் வரிசை வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அது வாசம். என் பள்ளிச் சீருடையிலும் அதுதான் அடிக்கும். நான் அதை மெடல் குத்திக்கொண்ட மாதிரி சுமந்து திரிந்தேன். எதிர்வீட்டு டீச்சருக்கோ அது நாற்றம். எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர், கைக்குழந்தைக்காரி. அவரும் அந்த வரிசைக்காரர்களும் சேர்ந்து நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பெரியம்மா படம் போட்ட போத்தல்தான் இருந்தது. சோஸ் மட்டும் இனிக்குது, அது வேகறது கசக்குதா என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி வந்து பார்ப்பார், புகார் உண்மை என்று பட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று செய்தி வந்தது. பேக்டரியில் யாரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பிப் போக அந்தப் பெண்களுக்குத் தோட்ட வேலையும் இல்லை.

பெரியப்பா அந்தக் காலத்தில் மரம் ஏற்றும் லோரி ஓட்டியவர். எந்த மேட்டையும் எந்த மழையையும் கண்டு பயப்படமாட்டார். அவருக்குப் பயம் இரண்டே விஷயத்தில்தான்: கவர்மெண்டு, கண்ணேறு. கவர்மெண்டுக்கு ஒரு வழி சொன்னார். அதிகாரி வரும் நாளில் அடுப்பே மூட்டக்கூடாது, தரையை எலுமிச்சை போட்டுக் கழுவ வேண்டும், வாசத்துக்குப் பாண்டான் இலையைக் கசக்கி மூலைக்கு மூலை வைக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எல்லாப் பெண்களும் கெஞ்சியதால் விட்டுக்கொடுத்தார்.

கண்ணேறுக்கு இன்னொரு வழி. அதைப் பெரியப்பா யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. பள்ளி விடுமுறை என்பதால் நான் அங்கேதான் கிடந்தேன். ஊரே வாங்குகிற சோஸ், ஊர்க் கண்ணு படாமல் இருக்குமா, புகாருக்கே அதுதான் காரணம் என்றார். சுத்திப் போட உப்பு வேண்டும், காய்ந்த மிளகாய் வேண்டும், கண் வைத்தவர்களின் காலடி மண் வேண்டும். மண் எடுத்து வரும் பொறுப்பு எனக்கு. எதிர் வரிசை முழுக்கத் தாரும் சிமெண்டும். காலடி மண்ணுக்கு எங்கே போவது? டீச்சர் வீட்டு ரோஜாத் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன்.

மிளகாய் விஷயத்தில்தான் பெரியப்பாவின் கணக்கு கைமீறிப் போனது. ஒரு குழந்தைக்கு ஒரு பிடி என்றால் ஒரு பேக்டரிக்கு எவ்வளவு? மூட்டையைப் பிரித்து ஒரு வாளி நிறைய அள்ளினார். அதைத் தூக்கிக்கொண்டு அவர் கட்டடத்தை மூன்று தரம் சுற்றி வர, நான் உப்புப் பொட்டலத்தோடு பின்னால் ஓடினேன். பிறகு வாசலில் கரி மூட்டியிருந்த பெரிய இரும்புக் குவாலிச் சட்டியில் மொத்தத்தையும் கவிழ்த்தார்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அதிகாரியின் கார் வந்து நின்றதும் அப்போதுதான். இளவயது மலாய்ப் பெண். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அதே வேகத்தில் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். எதிர் வரிசையில் ஜன்னல்கள் படபடவென்று மூடின. டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். உள்ளேயிருந்த பெண்கள் இருமிக்கொண்டே வெளியே வந்து, வெளியே அதைவிட மோசம் என்று மறுபடி உள்ளே போனார்கள். அந்தத் தெருவில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் பெரியப்பாதான். கண்ணில் நீர் தாரை தாரையாக ஊற்ற, மூச்சுத் திணறிக்கொண்டு சொன்னார்:

“நெடி ஏறுது பாத்தியா! கண்ணுபட்டிருந்தா நெடியே வராது. நம்ம பேக்டரி மேல ஒரு கண்ணும் இல்லலா.”

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெரியம்மா ஒரு வாளித் தண்ணீரை நெருப்பின் மேல் கொட்டினார்.

“கண்ணு படலன்னு தெரிஞ்சிருச்சில்ல. அப்ப அவங்க புகார் சொல்றது நெசமாவே நாத்தத்தப் பத்தித்தாங்க.”

பெரியப்பாவின் சந்தோஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பெரியம்மா நேராகக் காருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவருடைய மலாய் சந்தை மலாய். ஆனால் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. இந்தப் புகை என் வீட்டுக்காரர் செய்த கூத்து. நீ வருகிறாய் என்று இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. உண்மையான வாடை தெரிய வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வா. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியப்பா போய் பேக்டரி வேனுக்குள் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லா அடுப்பும் எரிந்தன. பெரியம்மா தைப்பூசத்துக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். அதிகாரியை அவர் பேக்டரிக்குள் கூட்டிப்போவார், சுத்தத்தைக் காட்டுவார், ஒரு பெட்டி சோஸ் கொடுத்து அனுப்புவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டி டீச்சர் வீட்டு வாசலுக்குப் போய், உட்கார நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். டீச்சர் மிரண்டுபோய் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். நான் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொதி ஏறியதும் காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது. டீச்சரின் குழந்தை இருமத் தொடங்கி, நிறுத்த முடியாமல், முகம் சிவந்து போயிற்று. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொதுவாகத்தான் கேட்டார், தாங்க முடிகிறதா என்று. டீச்சர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

“தாங்க முடியல” என்றார் பெரியம்மா தன் சந்தை மலாயில். “இது என் பேக்டரி, நானே சொல்றேன். எழுதிக்கம்மா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாலையைத் தாண்டி ஓடி, பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், பெரியம்மா அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டார், நம்மை மாட்டிவிட்டார் என்று கத்தினேன். அவர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அம்மா கரண்டியை நிறுத்தினார்.

“அக்கா அப்படியா சொன்னுச்சு?” என்று கேட்டார். பிறகு மறுபடி கிண்டத் தொடங்கினார்.

லைசென்ஸ் போகவில்லை. வடிகட்டி வைத்து உயரமாகப் புகைக்கூண்டு கட்டும் வரை அடுப்பு மூட்டக் கூடாது என்றார்கள், பெரியம்மா கட்டினார். சில வருடங்களில் பேக்டரி பெரிதாகித் தொழிற்பேட்டைக்கே போய்விட்டது. எல்லாம் தான் சுத்திப் போட்டதன் பலன் என்று பெரியப்பா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அக்காளும் தங்கையும் பிறந்து வளர்ந்த தொழிலாளர் லயம் தோட்டத்து ரப்பர் ஆலைக்குப் பின்னால் இருந்தது என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் கேட்டறிந்தேன். ஒட்டுப்பால் அழுகும் நாற்றத்தில் சோறு தின்று, அந்த நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போய், அதிலேயே வயதுக்கு வந்தவர்கள். தோட்ட அலுவலகத்துக் கிராணியிடம் முறையிட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவாராம். ஒருநாளும் ஒரு கார் வந்து நின்று, ஓர் அதிகாரி இறங்கி, உங்களுக்குத் தாங்க முடிகிறதா என்று அவர்களைக் கேட்டதில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். சட்டியைக் கிண்டிக்கொண்டே அம்மா அழுததை மிளகாய் நெடி என்றுதான் நினைத்தேன்.