மூன்றடி ஏறிய கோடு

எனக்குக் கொஞ்சம் தற்பெருமை உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்கு முதலில் எச்சரிக்கை வண்டி போகவேண்டும் என்று காட்டும் வரைபடங்களில் சில நான் போட்டவை. அவற்றில் ஒன்றை, எல்லோரும் தலையாட்டி முடித்த பிறகு, நானே போய்த் திரும்ப வாங்கினேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒன்றில்தான் எனக்குப் பெருமை.

பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர். வேலை தி. நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கும் நில அளவை அலுவலகம். ஆடித் தள்ளுபடி சமயத்தில் எங்கள் மாடிப்படியில் ஏற வேண்டுமென்றால் நான்கு பைகளையும் ஒரு தகராறையும் தாண்டித்தான் ஏற வேண்டும். அங்கே உட்கார்ந்துதான் அடையாற்றின் கரையை வரைந்தேன்.

வேலை இதுதான். ஆற்றோரக் கரையை அளக்க வேண்டும். ஆறு நிரம்பினால் கரைக்குப் பின்னால் உள்ள தெருக்களில் எது எவ்வளவு முழுகும் என்று வண்ணம் தீட்டிக் காட்ட வேண்டும். சிவப்புத் தெருவுக்கு, ஆற்றுக்கு மேலே இருக்கும் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகச் செய்தி போகும். ஆளைத் தூக்க வண்டியும் முதலில் போகும். பச்சைத் தெருவுக்கு எல்லாம் கடைசியில்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கரைக்குச் சான்று கிடையாது. ஸ்கூட்டருக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. அடுக்குமாடி லிஃப்டுக்கு உரிமம் இருக்கிறது, அதைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார்கள். இத்தனை குடும்பங்கள் ஒரு கரையை நம்பித் தூங்குகின்றன, இது இவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட கரையைக் கணக்கில் சேர்ப்பதற்கு இரண்டு சுலபமான வழிகள் உண்டு. ஒன்று, கரையே இல்லை என்று வைத்துக்கொண்டு எல்லாத் தெருவையும் சிவப்பாக்கிவிடுவது. இன்னொன்று, கரை இருக்கிறதே என்று நம்பி எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடுவது. இரண்டுமே வேலை செய்யச் சோம்பல்படுகிறவர்களுக்கு. நான் கரையைத் துண்டு துண்டாக நடந்து பார்த்தேன். இங்கே கான்கிரீட் சுவர், அங்கே வெறும் மண், இன்னொரு இடத்தில் யாரோ கொட்டிய இடிபாட்டின் மேல் புல் முளைத்துக் கரை மாதிரி நின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தாள் போட்டேன். கத்திரி வெயிலில் அப்படி நடந்தவள் நான் ஒருத்திதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

ஒருத்தி என்பது முழு உண்மை இல்லை. கூட அளவுகோல் பிடிப்பவர் இருந்தார். சைதாப்பேட்டைக்காரர், என் வயதுதான். பல வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம், அத்தனை வருடமும் சண்டை போட்டிருக்கிறோம். நான் கருவியில் கண் வைத்துக்கொண்டு "நேரா பிடிங்க" என்பேன். அவர் "நேராத்தான் மேடம் கீது, நீங்கதான் சாஞ்சிக்கினு கீறீங்க" என்பார்.

கரையின் உயரம் தெரிந்தால் மட்டும் போதாது. முன்பு வந்த பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு வீடுகளில் படிந்த கறைக்கோட்டைத் தேடுவோம். கரையை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் யாரிடமும் கோடு இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்து அழித்துவிட்டார்கள். சிலர் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் இருந்தது. இருந்தது என்றா சொன்னேன், பூஜை அறையில் இருப்பது போல இருந்தது. வெளிச்சுவர் முழுக்க வெளிர்நீலம். நடுவே ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் படாமல், பழுப்பாக அந்தச் சேற்றுக்கோடு. அதன்மேல் வரிசையாக மஞ்சள், குங்குமம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்க வருபவரைப் பக்கத்தில் நின்று மிரட்டி, கோட்டின் மேல் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வாராம் அந்த வீட்டு அம்மா. உயிரோடு விட்டுவிட்டுப் போன தண்ணீருக்கு அவர் செய்யும் மரியாதை அது.

வாசலில் ஆப்பக்கடை வைத்திருந்தார். நாங்கள் போனபோது நல்ல வியாபாரம். "தண்ணி வந்த கோடு எதும்மா?" என்று கேட்டேன். கரண்டியாலேயே சுவரைக் காட்டினார். அளந்தோம். தெருவிலிருந்து ஏழு அடி. எதிரே கரையின் தலை தெருவிலிருந்து ஆறு அடி. ஆக, வெள்ளம் கரையைத் தாண்டி ஓரடி உயரத்தில் வழிந்து வந்திருக்கிறது. கரையை மூன்றடி உயர்த்திவிட்டால் தெரு தப்பித்துவிடும். கணக்கு கச்சிதமாக வந்தது. உயர்த்தப் போகும் கரையை வைத்து அந்தத் தெருவுக்குப் பச்சை தீட்டினேன். எங்கள் முதலாளி பார்த்தார், எங்களுக்கு வேலை கொடுத்த அதிகாரிகள் பார்த்தார்கள், எல்லோருக்கும் திருப்தி. சமூகநலக் கூடத்தில் தெருக்காரர்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்ட நாளும் குறித்தாகிவிட்டது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கடைசியாக ஒருமுறை அளவுகளைச் சரிபார்க்கலாம் என்று போனோம். அவசியம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த ஆப்பத்தின் மேல் ஆசை என்று அளவுகோல்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடையில் கூட்டம் இல்லை, அந்த அம்மா பேச ஆரம்பித்தார். உள்ளே முன்னறையில் கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் வராது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான்.

"அன்னிக்கும் இப்படித்தான் படுத்துக்கினு இருந்தாரு. கதவைக் கழட்டி, அதுமேல இவர வெச்சு, நாலு பேரு தூக்கிக்கினு போனோம். ரோட்டுல எனக்கு மார் அளவு தண்ணி. கைய எறக்கினா இவரு மூஞ்சி முழுகிடும். கை ரெண்டும் மரத்துப் போச்சுக்கா."

நான் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்து ஆப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்த அளவுகோல்காரர் மேலே பார்த்தார்.

"மேடம், இன்னா இது? கோடு நம்ம தலைக்கு மேல கீது. இந்தம்மா மார் அளவுன்னு சொல்லுது."

அவரை நிற்கவைத்துப் பார்த்தேன். கோடு அவர் தலைக்கு மேலே ஓரடி தாண்டி இருந்தது. அந்த அம்மா அவரைவிடக் குள்ளம்.

"ஏம்மா, ரோட்டுல மார் அளவுன்னா கோடு எப்படி அவ்வளவு உசரத்துல இருக்கு?"

"வீட்டத் தூக்கிட்டோம்ல. வெள்ளம் போன அடுத்த வருசமே ஜாக்கி வெச்சு மூணு அடி தூக்கினாங்க. தெருவே வேடிக்கை பாத்துச்சே."

எனக்குக் கோபம் வந்தால் அலுவலகப் பேச்செல்லாம் போய் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "இத்தனை நாளா இதைச் சொல்லாம என்ன பண்ணிண்டிருந்தேள்?" என்று கத்திவிட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க கோடு எங்கன்னு கேட்டீங்க, காட்னேன். வீடு எங்க இருந்துச்சுன்னு கேக்கலையே."

கேட்கவில்லைதான். சென்னையில் ரோடு உயர்ந்துகொண்டே போகும், வீடு பள்ளத்தில் போய்க்கொண்டே இருக்கும். என் கண் அதற்குப் பழகியது. பக்கத்து வீடுகளைவிட இந்த வீடு உயரமாக நின்றதைப் பார்த்தேன். மற்றவை ரோடு போட்டுப் போட்டுத் தாழ்ந்துவிட்டன என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வீடு மேலே ஏறும், தன்னோடு வெள்ளக்கோட்டையும் தூக்கிக்கொண்டு ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டுக்கு அவ்வளவு மரியாதை செய்திருந்ததால் அதைச் சந்தேகப்படவும் தோன்றவில்லை. நான் மெத்தப் படித்தவள் வேறு.

மூன்றடி கழித்தால் தண்ணீர் நின்றது நான்கு அடி. கரையின் தலையோ ஆறு அடி. அப்படியென்றால் வெள்ளம் கரையைத் தாண்டவே இல்லை.

"தண்ணி மொதல்ல எங்கேர்ந்தும்மா வந்தது?" என்று இந்த முறை ஒழுங்காகக் கேட்டேன்.

"சாக்கடை மூடிலேர்ந்துதான். மூடியத் தூக்கிக்கினு சோறு பொங்கற மாதிரி பொங்கிச்சு. கரைய எல்லாரும் பாத்துக்கினு இருந்தோம், அது காலுக்கடியில வந்துச்சு."

நானும் அளவுகோல்காரரும் கரைக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் எங்கள் வயதுக்கு வேகமாக நடந்தோம். ஆற்றுப் பக்கம் இறங்கி, முள்ளை விலக்கி, அவர் கம்பால் குத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கம்பு உள்ளே போனது. கரைக்கு அடியில் ஒரு பெரிய குழாய். தெருவின் மழைநீர் ஆற்றுக்குப் போவதற்காக எப்போதோ யாரோ பதித்தது. வாயில் மூடி கிடையாது. ஆறு ஏறினால் அதே குழாய் வழியாக ஆறு தெருவுக்கு வரும். கரையை மூன்றடி அல்ல, முப்பதடி உயர்த்தினாலும் வரும். பச்சைத் தெரு என்று நம்பி அந்த மனிதர் கட்டிலில் படுத்திருப்பார், வண்டி கடைசியில் வரும்.

முதலாளி நல்லவர். ஆனாலும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், நாளன்னிக்குக் கூட்டம். மூணடிக்காக எல்லாத்தையும் மறுபடி ஆரம்பிக்கணுமா?"

"அந்த மூணடியிலதான் ஒரு கட்டில் இருக்கு சார்" என்றேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வரைபடம் தப்பு, போட்டவள் நான், திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். கரை உயர்த்தும் வேலைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், சின்னப் பிழையை ஊதிப் பெரிதாக்குகிறேன் என்றார். பின்தெரு அடுக்குமாடிக்காரர் ஒருவர் தன் தெருவையும் சேர்த்துச் சிவப்பாக்குவேனா என்று சண்டைக்கு வந்தார். குழாய் அங்கேதான் போகிறது, ஆகவே ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை.

புது வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பு. குழாய் வாயில் ஓர் இரும்புக் கதவு போட வேண்டும், தெருவின் தண்ணீர் வெளியே போகத் திறந்து, ஆறு தள்ளினால் தானே மூடிக்கொள்ளும் கதவு என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கதவு செய்து வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

அந்த மழையில் ஏரி திறந்தார்கள். காலையிலேயே அந்தத் தெருவுக்கு முதல் வண்டி போனது. ஆப்பக்கடை அம்மாவின் கணவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து, தரை காய்ந்திருக்கும்போதே, பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் சாக்கடை மூடி தூக்கியது. தெருவில் நாலடி தண்ணீர். தூக்கிக் கட்டிய வீட்டுக்குள்ளும் கட்டில் கால் முழுகியது. கரையின் தலை காய்ந்தே இருந்தது. என் கணக்கு விரலளவு பிசகவில்லை. ஒரு தெரு முழுகியதற்குச் சந்தோஷப்படக் கூடாது என்று தெரியும். நான் சந்தோஷப்பட்டது அந்தக் கட்டில் காலியாக இருந்ததற்கு.

இப்போது குழாய்க்குக் கதவு வந்துவிட்டது. தை பிறந்த பிறகு அதைப் பார்க்கப் போனோம். ஆப்பக்கடை சுவருக்குப் புது நீலம் அடித்திருந்தார்கள். பழைய கோடு அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதில் மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. அதிலிருந்து கறுப்புப் பெயிண்டில் ஒரு அம்பு கீழே இறங்கியது. அம்பு முடியும் இடத்தில் புதுக்கோடு, அதன்மேல் பொட்டு வரிசை. பக்கத்தில் கோணல்மாணலான எழுத்தில், "வீடு தூக்கினது. தண்ணி இங்கதான் நின்னுச்சு" என்று எழுதியிருந்தது.

"அடுத்து அளக்க வர்றவங்க உங்கள மாதிரியே கேக்காம போயிட்டா?" என்றார் அந்த அம்மா.

உள்ளே கட்டிலிலிருந்து அவர் கணவர், வரும் ஒரு பக்கத்தால் சிரித்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மூன்றடிக்கு அரை விரல் குறைந்தது. அதையும் சொன்னேன். அந்த அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவை எடுத்துவர உள்ளே போனார்.