கச்சான் பாத்து வாங்க

மூதூரிலிருந்து புல்மோட்டைக்கு பஸ்ஸில் போனால் அரை நாள் போதும். நாங்கள் ஓர் இரவு முழுவதையும் எடுத்துக்கொண்டு, சின்ன மோட்டார் படகில், கடல் வழியே போனோம். காரணம் நசீர் நானாவின் பேத்தி.

எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்; இவர் மூதூர் மீனவர். திருகோணமலையில் நான் நடத்தும் சைக்கிள் கடைக்குப் பழைய வாடிக்கையாளர். அவருடைய மகன் புல்மோட்டையில் கல்யாணம் முடித்து, அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு இருக்கிறான். முதல் பிள்ளைக்கு ஏழாம் நாள் காலையில் முடி இறக்கிப் பெயர் வைக்கிறார்கள். தன் படகை மகனுக்குப் பரிசாகக் கொண்டுபோய், அந்த நேரத்துக்குப் பேத்தி முகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது நானாவின் ஆசை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றதும் நான் ஒட்டிக்கொண்டேன்.

புறப்படும் அன்று காலை அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “கச்சான் பாத்து வாங்க.” பார்த்துத்தான் வாங்கினேன். சொத்தை இல்லாமல், வறுத்தது, இரண்டு கிலோ.

மாலை ஐந்தரைக்கு மூதூர் இறங்குதுறையில் பையை நீட்டினேன்.

“என்ன தம்பி இது?”

“நீங்கள்தானே நானா வாங்கச் சொன்னனீங்கள்!”

“அட அல்லாஹ்வே! கச்சான் காத்து எப்பிடி எண்டு பாத்துட்டு வாங்க எண்டன். நீங்க தின்னுற கச்சான வாங்கிட்டு வந்திருக்கீங்க!”

வேர்க்கடலைக்கும், இந்தப் பருவத்தில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் தென்மேற்குக் காற்றுக்கும் எங்களிடம் ஒரே பெயர். என்னை நானே நொந்துகொண்டு படகில் ஏறினேன். நானா சிரித்து முடிக்கவே கொட்டியாரக்குடா பாதி கடந்துவிட்டது.

ஏழு மணிக்குக் கோணேசர் மலை விளக்குகள் இடப்பக்கம் பின்னால் போயின. தண்ணீரில் கைவிட்டால் விரல்களைச் சுற்றி வெளிச்சம் சிதறியது. இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் உரக்கப் பாடினேன். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்து கனகாலம்.

புறாமலைத் தீவைத் தாண்டியதும் உண்மையான கச்சான் வந்தது. படகை வெளிக்கடலுக்குத் தள்ளியது. அலை உள்ளே விழ விழ, வெட்டிய கேனால் இறைத்துக்கொண்டே இருந்தேன். நானா வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார்.

“திரும்பினா பேர் வைக்கிற இடத்தில நான் இல்ல. போனா உங்களயும் போட்டு வதைக்கிறன். என்ன செய்வம்?”

“முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு நானா? விடுங்கோ.”

அவர் படகைக் கரையோரமாக அணைத்தார். காற்று தரையிலிருந்து வருவதால் கரைக்குப் பக்கத்தில் அலை சிறிது. குச்சவெளிக்கு நேரே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். பசி வந்தது. பையைப் பிரித்தேன். உடைத்த தோலைக் காற்றுக்கு எதிரே எறிய, அவ்வளவும் என் முகத்துக்கே திரும்பி வந்தது.

“கச்சானுக்குக் கச்சான் பிடிக்கயில்ல” என்றார் நானா.

சிரித்தாரே தவிர, நிமிடத்துக்கு ஒருமுறை போனில் நேரம் பார்த்தார். விடியும்வரை காற்று அடங்காவிட்டால் எல்லாம் போச்சு. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கிழக்கு வெளுக்கும் முன்னே காற்று படுத்தது. வெளுத்ததும், உட்கார்ந்தபடியே சுபஹு தொழுதுவிட்டு நானா இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார்.

புல்மோட்டைக் கரையில் வெயில் ஏறியிருந்தது. மகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான்.

“முடிஞ்சுதா மகன்?”

“நீங்க வராம முடியிறதா வாப்பா? முடி இறக்கிறவர் தேத்தண்ணி குடிச்சுக் களைச்சுப்போனார்.”

வீட்டு முற்றத்தில் மருமகள் பிள்ளையை நீட்டியபோது நானா இரண்டடி பின்னால் போனார். இரவு முழுக்க இயந்திரத்தைப் பிடித்த கை. சவர்க்காரம் வாங்கிக் கழுவினார். மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார்.

“ஏலாது மகள். மண்ணெண்ண மணம் போகுதில்ல. பச்சப் புள்ள.”

“இவட வாப்பாக்கும் இதே மணம்தான் மாமா,” என்று அந்தப் பெண் பிள்ளையை அவர் கையில் வைத்தாள். “இண்டைக்கே பழகட்டும்.”

பிள்ளை ஒரு தும்மல் தும்மியது. பெயரை உரக்கச் சொல்லச் சொல்லி எல்லோரும் நானாவைக் கேட்டார்கள். அவர் குனிந்து, பிள்ளையின் காதுக்குள் மட்டும் அதைச் சொன்னார்.