சிரிக்காமல் எழுந்த பிணம்

வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து கவுண்டர் பெண் போனை நீட்டினாள். "அக்கா, இலங்கைப் போர்ல எடுத்த நெசமான வீடியோவாம். நீயே பாரு." இடிந்த கட்டடம், புகை, வரிசையாகப் பிணங்கள். ஓரத்தில் கிடந்தது என் வீட்டுக்காரர்.

சோற்றுக் கையோடு போனை வாங்கி உற்றுப் பார்த்தேன். அவரேதான். அவர் செத்தது உண்மைதான், ஆனால் எந்தப் போரிலும் இல்லை. போன வருஷம் கண்டெய்னர் யார்டில் ஏணி சறுக்கி விழுந்து போனார்.

அதற்கு முன்னால், வேலை இல்லாத ஒரு சமயம், எண்ணூரில் மூடிக் கிடந்த தொழிற்சாலையில் ஏதோ போர்ப் படம் எடுத்தார்கள். ஆள் பிடிக்கும் ஏஜென்ட் எங்கள் தெருவிலிருந்து இவரையும் கூட்டிப்போனான். பிணமாகக் கிடக்க வேண்டும். வேண்டாம், ஆகாது என்று நான் அடித்துக்கொண்டேன். "பயப்படாதம்மே. பொணமா நடிச்சவன் எய்ந்திரிக்க சொல்லோ கேமராவப் பாத்து சிரிக்கணும். அதையும் எடுத்துருவாங்க. தோஷம் கழிஞ்சிரும். சினிமாக்காரங்க வயக்கம்" என்றார். படம் பாதியில் நின்றுபோனது.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் எழுவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் அடையாள அட்டைக்கு விறைத்துக்கொண்டு எடுத்த முகம்தான்.

அடுத்த வாரம் ராயபுரத்தில், அந்தப் போரில் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி. பேனரில் அந்த வீடியோவிலிருந்து எடுத்த அவர் முகம். "தம்பி, இது எங்க வூட்டுக்காரரு. ஷூட்டிங்ல எடுத்தது" என்றேன். "அக்கா, பேஜாரு பண்ணாத, ஓரமா போ" என்றான் பேனர் கட்டிய பையன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலங்கையில் நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருக்கிறாளே, அவள் துக்கத்துக்குப் பக்கத்தில் இந்தப் பொய்யை ஏனடா வைக்கிறீர்கள்? என் மனுஷன் நிஜமாகச் செத்தபோது மெழுகுவத்தி ஏற்ற ஒருத்தனும் வரவில்லையே, பாவிகளா!

ஏஜென்ட்டைத் திருவொற்றியூர் டீக்கடையில் பிடித்தேன். "அண்ணே, கடைசில சிரிக்கிறத எடுத்தீங்களே, அத மட்டும் எப்படியாவது வாங்கிக் குடுண்ணே."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "அத எங்கம்மா எடுத்தோம்? மய புடிச்சிகிச்சு. கேமராவ மூடிட்டாங்க. உன் வூட்டுக்காரரு மட்டும், 'ஒரு தபா சிரிச்சிக்கிறேன் சார்'னு கேட்டுகினே நின்னாரு. யாரும் காதுல வாங்கல."

பஸ் ஏறியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. தொப்பலாக நனைந்து வந்தவர், காதோரம் சிவப்புச் சாயத்தோடு வாசலிலேயே நின்று, என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இன்னாய்யா, லூசாட்டம் சிரிச்சிகினு கீற?"

"ஒண்ணும் இல்லம்மே. கொஞ்ச நேரம் என்னியே பாரு" என்று சொல்லி, இன்னொரு முறை சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.